மைதானத்தில் இறங்க யாருக்குத் தகுதி?

சர்வதேசப் பாடசாலைகள் தமது மாணவர்களுக்கு வழங்கும் கையேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களின் கண்ணில் அநேகமாக ஒரு விதி தென்படும். ஏதேனுமொரு பாடத்தில் குறித்த புள்ளிக்குக் கீழே இறங்கிய மாணவன், அக்குறையை நிவர்த்தி செய்யும் வரை பாடசாலை அணிக்காக விளையாட முடியாது. காலையில் வகுப்புக்குச் சமுகமளிக்காதவன் மாலையில் போட்டிக்கு வர முடியாது என்பதே அது. சில பாடசாலைகளில் நாடகம், விவாதம், இசைக்குழு ஆகியனவும் இவ்விதிக்குள் அடங்கும்.

1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் கொழும்பில் பெருகிய இவ்வகைப் பாடசாலைகள், இன்று கிழக்கின் நகரங்களையும் எட்டியுள்ளன. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று இயங்கும் இவற்றின் விதிகள் இவற்றின் நிர்வாகங்களைச் சார்ந்தவை. ஆனால், அங்குள்ள வழக்கங்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. புள்ளி குறைந்த பிள்ளையை அணியில் வைத்திருக்கலாமா என்ற வினா எமது அரச பாடசாலைகளின் பெற்றோர் கூட்டங்களிலும் ஒலிக்கின்றது. ஆதலின், இவ்விதி எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதைச் சற்று ஆராய்வது பொருத்தமாகும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1984 ஆம் ஆண்டில் இதனைச் சட்டமாகவே நிறைவேற்றியது. ஒரு பாடத்தில் 70 புள்ளிகளைப் பெறத் தவறியவர் ஆறு வாரங்களுக்குப் போட்டிகளிலிருந்து விலக்கப்படுவார். பாடசாலை உதைபந்தாட்டத்தை ஏறக்குறைய ஒரு மதமாகவே போற்றும் மாநிலம் அது. பயிற்றுநர்களும் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். நீதிமன்றப் படிகளும் ஏறப்பட்டன. ஆயினும், சட்டம் நிலைத்தது.

அச்சட்டத்தைக் கொடுமையென்று தள்ளிவிட நாம் தயாரில்லை. டெக்ஸ்டர் மான்லி என்ற புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரர், தமக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதை 1989 ஆம் ஆண்டில் செனற் குழுவொன்றின் முன்னிலையில் கண்ணீருடன் ஒப்புக்கொண்டார். டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் பிறந்த அவர், பாடசாலையைக் கடந்து, ஒக்லஹோமா அரச பல்கலைக்கழகத்திலும் நான்கு ஆண்டுகள் இருந்தவர். வெற்றிக் கிண்ணம் தேவைப்பட்ட நிறுவனங்கள், அவரது கைகளுக்குள் ஒரு புத்தகம் புகுந்ததா என்று பார்க்கத் தவறின. பிள்ளையின் காலைப் பயன்படுத்திக்கொண்டு தலையைக் கைவிடும் இவ்வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. வெளிமாவட்டங்களிலிருந்து ஓட்ட வீரர்களையும் றக்பி வீரர்களையும் உயர்தர வகுப்புக்கென அழைத்துச் செல்லும் தலைநகரப் பாடசாலைகளின் கதையை இந்நாட்டில் அறியாதவர் யார்? அத்தகைய பிள்ளைக்கு, புள்ளியைக் காரணங்காட்டி அணியிலிருந்து நிறுத்தும் விதி ஒரு காவலாகவே அமையும்.

ஆனால், டெக்சாஸ் தனது சட்டத்தை அப்படியே வைத்திருக்கவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1995 ஆம் ஆண்டில் ஆறு வாரத் தடை மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. தடைக் காலத்திலும் மாணவர் பயிற்சியில் ஈடுபடலாம், போட்டியில் மட்டுமே பங்குபற்ற முடியாது என்ற நிலை வந்தது. பயிற்றுநரின் கண்பார்வையிலிருந்தும் சக வீரர்களின் கூட்டிலிருந்தும் பிள்ளையைப் பிரித்துவிட்டால், அவன் புத்தகத்துக்குத் திரும்புவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவன் தெருவுக்கும் போகலாம்.

இவ்விடயத்தில் மட்டக்களப்பு வெளியாரின் கையேட்டுக்குக் காத்திருக்க வேண்டிய மண்ணல்ல. இங்கு கூடைப்பந்தாட்டத்தை வேரூன்றச் செய்தவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். நகரின் வெபர் மைதானம் அவர்களுள் ஒருவரான அருட்தந்தை ஹரோல்ட் வெபரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. டெக்சாஸின் அயல் மாநிலமான லூசியானாவில் பிறந்த அருட்தந்தை யூஜின் ஹேர்பட், 1940களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவர்களைப் பயிற்றுவித்தார். வகுப்பறையும் மைதானமும் அவர்களுக்கு இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை. காலையில் பாடம் நடத்தியவரே மாலையில் விசிலை ஊதினார். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்குகின்றான் என்பதை அறிய அத்தகைய ஆசிரியருக்குத் தகுதிப் பட்டியல் எதுவும் தேவைப்பட்டிராது. 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அருட்தந்தை ஹேர்பட்டும் உடன் சென்றவரும் காணாமற்போயினர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கான விடை இந்த மண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? புள்ளி குறைந்தவர் விளையாடக்கூடாதென்று எமது நாட்டில் சட்டம் எதுவுமில்லை. சட்டத்தைவிடக் கடுமையான ஒன்று நடைமுறையில் இருக்கின்றது. பிள்ளை தரம் பத்துக்குள் காலடி எடுத்து வைத்ததும், புள்ளி எவ்வளவாக இருந்தாலும், மைதானம் மூடப்பட்டுவிடுகின்றது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டால் இரண்டரைக்குக் கணித வகுப்பு, ஐந்துக்கு விஞ்ஞான வகுப்பு, சனி ஞாயிறில் மீதமுள்ளவை. தரம் ஒன்பது வரை கட்டாயமாகக் கற்ற சுகாதாரமும் உடற்கல்வியும், சாதாரண தரத்தில் தெரிவுப் பாடங்களுள் ஒன்றாகி ஒதுங்கிக்கொள்கின்றது. தொண்ணூறு புள்ளி பெறும் பிள்ளையும் முப்பது புள்ளி பெறும் பிள்ளையும் ஒரே நாளில் அணியிலிருந்து விலக்கப்படுகின்றனர். டெக்சாஸின் தடை மூன்று வாரத்தில் நீங்கும். எமது வீட்டுத் தடை நீங்குவதேயில்லை. பெற்றோரை மட்டும் நோவதிலும் நியாயமில்லை. இஸட் புள்ளியின் ஒரு தசமத்தில் பல்கலைக்கழக வாசல் மூடிக்கொள்ளும் நாட்டில், அவர்களுடைய அச்சம் கற்பனையல்ல.

நகரப் பிள்ளையின் நிலை இதுவென்றால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தகுதியைத் தீர்மானிப்பது புள்ளியுமல்ல, பெற்றோருமல்ல, பஸ் வண்டிதான். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதிகளின் பிள்ளைகளுள் பலர் நெடுந்தூரம் நடந்தும் சைக்கிளிலும் பாடசாலைக்கு வருபவர்கள். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும், அம்பிலாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் வாவியைக் கடக்கும் ‘பாதை’யை நம்பியே தலைமுறைகள் படித்துள்ளன. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமை பெரும் ஆறுதல். எனினும், பாலம் இருந்தாலும் மாலை ஐந்தரை மணிக்கு அதன்மீது ஏறிச் செல்ல வாகனம் இல்லையென்றால், பயிற்சிக்கு நிற்கும் மாணவி எவ்வாறு வீடு போய்ச் சேர்வாள்? யானைகள் நடமாடும் வீதிகளில் இருட்டிய பின்னர் மகளை நடக்கவிட எந்தத் தாய் சம்மதிப்பாள்? கோட்ட மட்டத்தில் வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பெற்ற பிள்ளை வலய மட்டத்திலோ மாகாண மட்டத்திலோ மறைந்துபோகும்போது, திறமை போதவில்லை என்று எழுதி முடித்துவிடுகின்றோம். பயிற்சிக்கு அவளிடம் மாலைப்பொழுது இருந்ததா என்று நாம் விசாரிப்பதில்லை.

இவ்விழப்பு பதக்கங்களோடு முடிவதில்லை. தேசிய, சர்வதேச மட்டங்களில் விளையாட்டு முதலிய துறைகளில் சிறந்து விளங்குவோருக்கென பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடொன்று உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீதத்தில் மட்டக்களப்பும் பங்கு பெறுகின்றது. பின்னைய சலுகை மாவட்டத்திற் படித்ததனால் கிடைப்பது. முன்னையதை அடைய ஒரு பிள்ளை கோட்டம், வலயம், மாகாணம் என ஒவ்வொரு படியாக ஏறித் தேசிய அரங்குக்குச் செல்ல வேண்டும். முதற்படியிலேயே வண்டியைத் தவறவிடும் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு காகிதத்தில் மட்டுமே உள்ளது.

சர்வதேசப் பாடசாலைகளின் விதியை எமது பாடசாலைகள் இரவல் பெற விரும்பினால், தண்டனைப் பகுதியை மட்டும் பெயர்த்தெடுக்கக் கூடாது. கட்டணம் அறவிடும் பாடசாலைகள் பலவற்றில், பின்தங்கிய மாணவனுக்குத் தனிக் கவனிப்பும் ஆசிரியருடன் அமர்ந்து படிக்கும் நேரமும் அதே விதியுடன் இணைந்து வருகின்றன. அவ்வுதவி இல்லாத இடத்தில் தடையை மட்டும் விதிப்பது, நீந்தத் தெரியாதவனிடமிருந்து கட்டையைப் பறிப்பதற்கு ஒப்பாகும். புள்ளியின் அளவைப் பார்ப்பதிலும் மேலாக, சென்ற தவணையைவிட முன்னேறினானா என்று பார்ப்பதே நேர்மையானது என்பது எமது எண்ணம். இருபதிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்த பிள்ளையை எதற்காக வெளியே நிறுத்த வேண்டும்? தடை அவசியமானால் அது வாரக்கணக்கில் இருக்கட்டும். பயிற்சிக்கான கதவு திறந்தே இருக்கட்டும்.

இவற்றை முடிவு செய்ய வேண்டியவர்கள் அதிபர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் வகுப்பாசிரியர்களும். அதற்கு அவர்கள் மூவரும் தவணைக்கு ஒரு தடவையாவது ஒரே மேசையில் அமர வேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பங்கு வேறு. மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு வலயங்களில் பயிற்சி நாட்களிலாவது மாலை ஐந்தரை மணிக்குப் புறப்படும் வண்டியொன்றை ஒழுங்கு செய்வது குறித்து, போக்குவரத்துச் சபையுடன் அத்திணைக்களம் பேசலாம். அடுத்த ஆண்டின் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான ஆயத்தங்கள் தொடங்குவதற்கு முன்னரே அப்பேச்சு நடைபெற வேண்டும்.