அபூபக்ர் (ரலி) வளர்த்த இரண்டு ஒட்டகங்களும் நம் டூர் வேனும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பிளந்தது போல் மழை கொட்டிய நாள். மறுநாள் காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. ஓராண்டு முழுவதும் அம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். அந்த மழையில் நம் ஊரும் நனைந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், வாப்பாவுக்கு நாளைக்குக் காலையில டயாலிசிஸ். ரோடு போயிடும் போலிருக்கு. இப்பவே திருநெல்வேலிக்குக் கொண்டு போயிடலாம்னு பாக்குறேன். மதரசா வேனை எடுக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாக எடுக்கலாம் என்று கூறிச் சாவியைத் தேடினோம். அதைக் கண்டெடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பியபோது வண்டியிலிருந்து ஒரு சிறு சத்தம் மட்டுமே வந்தது. பேட்டரி செத்திருந்தது. டீசல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பிள்ளைகளைக் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்று வந்தபின் இரண்டு மாதங்களாக அவ்வண்டியை எவரும் தொடவில்லை.

மெக்கானிக் வருவதற்குள் இருட்டிவிட்டது. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. அப்பெரியவர் மூன்று நாட்கள் கழித்து டிராக்டரில் மருத்துவமனை சென்றடைந்தார். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். ஆயினும் உடலில் நீர் கோத்து, படுக்க இயலாமல், சுவரில் சாய்ந்தபடி அவர் மூச்சுக்குப் போராடிய அந்த இரவுகளை நாம் நேரில் கண்டோம். வண்டி அன்று கிளம்பியிருந்தாலும் திருநெல்வேலி போய்ச் சேர்ந்திருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அது கிளம்பாததற்குக் காரணம் மழையன்று. நாம்தான்.

பின்னர் நடந்த ஜமாஅத் கூட்டத்தில் இதனை எடுத்துச் சொன்னபோது, மூத்தவர் ஒருவர், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். பேட்டரி போட்டிருந்தால் மட்டும் விதி மாறிவிடுமா?" என்றார். பலரும் தலையசைத்தனர். நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். ஆயினும் அச்சொல்லை நாம் ஏற்கவில்லை. அதற்கு ஹிஜ்ரத்தின் வரலாறே போதுமான காரணம்.

மக்காவை விட்டுப் புறப்பட அபூபக்ர் (ரலி) ஆயத்தமானபோது, தமக்கும் அனுமதி கிடைக்கக்கூடும் என்பதால் சற்றுப் பொறுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பயணம் எந்த நாளில் என்று எவருக்கும் தெரியாது. அபூபக்ர் (ரலி) என்ன செய்தார்கள்? தம்மிடமிருந்த இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாத காலம் கருவேல இனத்து மரமான ஸமுரின் இலைகளைத் தீனியாகப் போட்டு வளர்த்து வந்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. இச்செய்தியை ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தில் பயானில் சொல்கிறோம். அந்த நான்கு மாதங்களைப் பற்றி மட்டும் நின்று யோசிப்பதில்லை. நூற்றிருபது நாட்கள் ஒரு பயணமும் இல்லாமல் வெறுமனே நின்ற வாகனங்களுக்கு அன்றாடம் தீனி! அழைப்பு வந்தபோது ஒட்டகங்கள் ஆயத்தமாக இருந்தன. உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லாதது ஒன்றே குறை. அதற்கு அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கொடுத்தார்கள். வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவரோ இஸ்லாத்தை ஏற்காத ஒருவர். பாதையை நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்பதே தகுதியாயிற்று. (நம் வேனை ஓட்டும் அண்ணனும் முஸ்லிம் அல்லர். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் அவரை நினைத்துக்கொள்வார்கள்.) தவக்குலின் உச்சத்தில் இருந்த இருவரின் பயண ஏற்பாடு இவ்வாறு இருந்தது.

மேலை நாடுகளில் படுக்கை, அடுப்பு, கழிவறை அனைத்தும் கொண்ட கேரவன் வண்டிகளை உல்லாசப் பயணத்திற்கென வாங்குவோர், புயல், காட்டுத்தீ போன்ற காலங்களில் அதனையே தற்காலிக வீடாக்கிக் கொள்கின்றனர். நம் ஊர்களில் அத்தகைய வண்டி அரிது. ஆனால் கல்யாணத்திற்கும் கொடைக்கானலுக்கும் போய்வரும் டிராவலர் வேன் பல ஜமாஅத்களிடமும், வசதியுள்ள கூட்டுக் குடும்பங்களிடமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலாவது அதனை ஆயத்தமாக வைப்பது பெருஞ்செலவல்ல. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி உயிரோடிருக்கும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது போதாது. டீசல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது; கரண்ட் போனால் பல பங்குகளில் பம்பு ஓடாது. 2018-ல் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. ஏ.டி.எம்.மும் கைகொடுக்காது என்பதால் சில்லறை நோட்டுகளும் வண்டியில் வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தது எப்போது?

உள்ளே வைக்க வேண்டியவை குடும்பத்திற்குக் குடும்பம் மாறும். தண்ணீர்க் கேன், அவல், பேரீச்சை, தார்ப்பாய், கயிறு, டார்ச் எல்லோருக்கும் பொது. பேரீச்சை என்றதும் ஒன்று: அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. நாமே இதைத் தாமதமாகத்தான் கற்றோம். பெண்களுக்கான நாப்கினை எழுதச் சொன்னால் ஆண்கள் கூச்சப்படுகிறோம். பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைப் பெண்களிடமே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு பழைய போர்வைகளும் ஒரு கொடிக்கயிறும் இருந்தால் வேனுக்குள் மறைப்புக் கட்டி, பெண்கள் உடை மாற்றவும் பாலூட்டவும் தொழவும் இடம் கிடைக்கும்.

வண்டி ஆயத்தமாக இருப்பதனால் வரும் துணிச்சலையும் அஞ்ச வேண்டும். ஓடும் வெள்ளம் இரண்டடி உயரம் இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். தண்ணீர் ஏறுமுன் புறப்படுவதற்கே வேன். ஏறிய தண்ணீரைக் கடப்பதற்கன்று. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கதவை மூடி ஏ.சி. போட்டுக்கொண்டு உள்ளே உறங்குவதும், உள்ளே கேஸ் அடுப்பு மூட்டுவதும் உயிருக்கே உலை வைக்கும். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இனி, ஆயத்தமாக இருக்கும் வண்டி யாருக்கு என்ற கேள்வி. நம் குடும்பம் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்கா? ஒரு பயணத்தின்போது, தேவைக்கு அதிகமான வாகனம் உள்ளவர் அது இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லச் சொல்ல, எஞ்சிய எப்பொருளிலும் தங்களுக்கு உரிமையில்லையோ என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அது இருந்தது என முஸ்லிம் நூலில் காண்கிறோம். எனவே தெருவில் நடக்க முடியாதவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், இன்சுலின் போடுபவர் யார் என்ற பட்டியல் வண்டியோடு இருக்க வேண்டும். முதலில் ஏறுவோர் அவர்களே. மதம் கேட்டு ஏற்றுவதும் இல்லை. அதேவேளை, ஹிஜ்ரத் ஒட்டகத்தை நபியவர்கள் இலவசமாகப் பெறாமல் விலை கொடுத்தே எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் மறக்கலாகாது. வசதியுள்ளவர் மதரசா வேனை எடுத்துச் சென்று டீசல் போடாமல் திருப்பி நிறுத்துவது அழகல்ல.

நம் வேனுக்கு இப்போது புதிய பேட்டரி போட்டாயிற்று. வியாழன்தோறும் அஸருக்குப் பின் ஓட்டுநர் அண்ணன் அதனை ஆற்றுப்பாலம் வரை ஓட்டி வருகிறார். சாவி ஒன்று மதரசாவிலும் மற்றொன்று மோதினார் வீட்டிலும் தொங்குகிறது. டீசல் செலவு எந்தக் கணக்கில் என்பது மட்டும் கூட்டத்திற்குக் கூட்டம் தள்ளிப்போகிறது. சென்ற மாதம் அந்தப் பெரியவரே வந்து, தம் மருத்துவக் கோப்பின் நகலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொடுத்தார். அது டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பையில் இருக்கிறது.