பகற்பொழுதுப் படகுப் பயணம்: உண்மையான சொகுசு எது?

சென்ற திங்கள் நம் சங்க அன்பர்கள் கூடியிருந்தபோது, குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் ஹூக்ளி நதியில் விசைப்படகு அமர்த்திக் குடும்பங்களுடன் பகல் முழுவதும் சென்று வரலாம் என்னும் யோசனை எழுந்தது. யோசனை எழுந்த உடனே பேச்சு சொகுசைப் பற்றித் திரும்பிற்று. குளிர்சாதன அறை வேண்டும் என்றார் ஒருவர். பன்னிரண்டு வகைப் பலகாரம் வேண்டும் என்றார் மற்றொருவர். ஒலிபெருக்கியும் பாட்டும் இன்றிப் படகில் என்ன இன்பம் என்றனர் இளைஞர். இப்பகுதியில் இம்மாதம் அதனையே சிறிது ஆராய விழைகின்றோம்.

ரயில்வே அலுவலகத்தில் பேரேட்டுடன் காலம் கழிக்கும் நமக்குப் பயணம் என்பது புதிதன்று. முதல் வகுப்பிலும் மனம் நொந்து இறங்குவோரைக் கண்டிருக்கின்றோம். சாதாரணப் பெட்டியிலும் சன்னலோரம் அமர்ந்து முகம் மலர்ந்து வருவோரையும் கண்டிருக்கின்றோம். இடநெருக்கடி, அவசரம், அச்சம், வேலைப்பளு ஆகிய நான்கும் ஒரு பகல் முழுவதும் நம்மை விட்டு விலகி நிற்குமானால், அதுவே சொகுசு என்பது நம் துணிபு. இந்நான்கையும் விலக்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, முன்யோசனை வேண்டும்.

முதலில் இடநெருக்கடி. ஐம்பது பேர் ஏறத்தக்க படகில் இருபத்தைந்து பேர் ஏறுவதைவிடப் பெரிய ஆடம்பரம் இல்லை. விரும்பியபோது எழுந்து உலாவவும், குழந்தையை மடியில் கிடத்தி உறங்க வைக்கவும், தனியே ஒரு மூலையில் அமர்ந்து நீரைப் பார்க்கவும் இடம் வேண்டும். பலகாரத்தில் ஏழு வகையைக் குறைத்தால், அந்தப் பணத்தில் இந்த இடத்தை வாங்கிவிடலாம்.

அடுத்தது அச்சம். 2017 ஏப்ரலில் ஹூக்ளி மாவட்டத்துத் தெலினிபாராத் துறையில் மூங்கிலால் அமைத்த தற்காலிகப் பாலம் ஓத வேகத்தில் இடிந்து விழுந்து பலர் உயிர் இழந்தனர். ஆகவே படகின் அழகைப் பார்க்குமுன் துறையின் உறுதியைப் பார்த்தல் வேண்டும். ஆளுக்கு ஒன்றாக மிதவைச் சட்டை உண்டா, குழந்தைகளுக்குரிய சிறிய அளவிலும் உண்டா என்று கேட்டல் வேண்டும். கேட்பதற்கு நாணுதல் கூடாது. சித்திரை வைகாசி மாதங்களில் பிற்பகல்தோறும் காலவைசாகிப் புயல் எழக்கூடும். மழைக்காலத்திலோ நீர்வேகம் மிகுதி. கார்த்திகை முதல் மாசி வரையே நமக்கு ஏற்ற காலம். அப்போதும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை மூடுபனி உண்டாதலால், பனி விலகிய பின்னரே புறப்படுதல் நன்று.

மூன்றாவது அவசரம். புகைவண்டிக்குக் கால அட்டவணை இருப்பதுபோல் இந்த நதிக்கும் ஓர் அட்டவணை உண்டு என்பதைப் பலர் அறியார். கடலின் ஏற்றமும் வற்றமும் கல்கத்தாவைக் கடந்தும் மேலே செல்கின்றன. நாள்தோறும் இருமுறை நீர் வடக்கு நோக்கி ஏறுகின்றது. இருமுறை தெற்கு நோக்கி வடிகின்றது. ஏறும் நேரம் குறைவு. வடியும் நேரம் அதிகம். துறைமுகத்தார் இதற்குக் கணக்கிட்டு அட்டவணை வெளியிடுகின்றனர். ஏற்றத்தோடு மேலே சென்று வற்றத்தோடு திரும்பினால் இயந்திரத்திற்குப் பாரம் குறைகிறது, இரைச்சலும் அதிர்வும் குறைகின்றன. நதியே நம்மைச் சுமந்து சென்று சுமந்து வந்து விடுகிறது.

இதில் முதியோர்க்கும் ஒரு நன்மை உண்டு. இங்குள்ள துறைகள் பலவும் மிதவைத் துறைகள். நீர் வற்றும்போது மிதவை தாழ்ந்து, கரையிலிருந்து அதற்குச் செல்லும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்து விடும். ஏற்றம் பாதி கடந்த பின் ஏறினால் பாலம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டியும் கைத்தாங்கல் இன்றி நடந்து வரலாம். குளிர்சாதன அறையினும் இது பெரிய வசதியன்றோ?

எப்பக்கம் அமர்வது என்பதையும் முன்னரே எண்ணிக் கொள்ளலாம். காலையில் வடக்கு நோக்கிச் செல்கையில் ஞாயிறு வலப்புறம் நிற்கும். மாலையில் தெற்கு நோக்கித் திரும்புகையிலும் அது வலப்புறமே நிற்கும். ஆகவே நதி வளையும் சில இடங்கள் நீங்கலாக, போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே நிழற்பக்கம். காலையில் இடப்பக்கம் தெரிவது மேற்குக் கரை; இளவெயில் அக்கரைக் கட்டடங்களின் முகத்தில் நேரே விழும். திரும்பும்போது இடப்பக்கம் தெரிவது பாரக்பூரும் தட்சிணேசுவரமும் உள்ள கிழக்குக் கரை. அதன்மேல் மாலை வெயில் விழும். இயந்திரத்துக்கு அருகிலுள்ள பின்புற இருக்கைகளை மட்டும் தவிர்த்துவிட்டால் புகையும் இரையாது போகும் பேச்சும் நம்முடையவை அல்ல என்று இருக்கலாம். ஒலிபெருக்கி விரும்பும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றின் ஓசையை ஒரு நாளேனும் கேட்டுப் பாருங்கள். அதற்குமேல் பாட்டு வேண்டுமாயின் நம் வீட்டுப் பெண்களுள் பாடத் தெரிந்தோர் பலர் உளர்.

கழிப்பறையைப் பற்றி எழுதுவதற்குக் கூச வேண்டியதில்லை. படகில் தூய கழிப்பறை இல்லையென்றால் நம் தாய்மார் விடியற்காலைக் காப்பியையே தள்ளிவிட்டு, பகல் முழுதும் நா வறண்டு அமர்ந்திருப்பர். கேட்டால், தாகமில்லை என்பர். படகை அமர்த்துமுன் நாம் நேரிற் சென்று பார்க்க வேண்டியது முதலில் அந்த அறையைத்தான்.

இனி நான்காவதாகிய வேலைப்பளு. நம் வீட்டுப் பெண்டிர்க்கு விடுமுறை என்று வருகிறது? ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகின்றோம். வண்டியிலிருந்து இறங்கியதும் நாம் திண்ணையில் அமர்கின்றோம். அவர்கள் மருமகளாகவோ மகளாகவோ அடுக்களைக்குள் நுழைகின்றனர். இங்கே உல்லாசப் பயணம் என்றாலும் முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல். மறுநாள் மூன்று மணிக்கே அடுப்பு. படகிலும் பரிமாறுவோர் அவர்களே. நாம் உண்டு களைப்பாறும் வேளையில் அவர்கள் பாத்திரம் அலம்பிக்கொண்டிருப்பர். கட்டுச்சோற்றின் சுவையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அச்சுவைக்கு யார் உறக்கம் விலையாயிற்று என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆதலின் சமையற்காரர் ஒருவரிடம் சாம்பார் சாதம், தயிர்சாதம், ஒரு பொரியல், அப்பளம், ஊறுகாய் என எளிதாகச் சொல்லிவிடுவோம். இலை போடுவதும் பரிமாறுவதும் ஆடவர் பொறுப்பு. இலைகளைக் கங்கையில் எறியாமல் கூடையிற் சேர்ப்பது சிறுவர் பொறுப்பு. சாரங்கும் அவருடைய ஆட்களும் நம்மோடு உண்ண வேண்டும். பசித்த மனிதன் செலுத்தும் படகில் சொகுசு ஏது?

இவ்வளவும் அமைந்த பின் கண்ணுக்கும் அறிவுக்கும் விருந்து தானே வந்து சேரும். செராம்பூர் 1755 முதல் டேனியர் வசம் இருந்த ஊர். நம் தரங்கம்பாடியும் அவர்களுடையதே. இரண்டு ஊர்களையும் 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்றனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்குத் தமிழ் அச்சுக்கூடம் கண்டார். செராம்பூரில் கேரியும் தோழர்களும் 1800இல் அச்சுக்கூடமும் 1818இல் கல்லூரியும் கண்டனர். அப்பால் சந்தன்நகர், பழைய ஏடுகளில் சந்திரநாகூர். ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரிக் குறிப்பில் நாம் சந்திக்கும் துய்ப்ளே, 1742இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வருமுன் ஆண்டது இவ்வூரைத்தான். 1949இல் மக்கள் வாக்களித்து, 1950இல் இவ்வூர் இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்துள்ள சின்சுரா, நாகப்பட்டினத்தைப் போலவே, டச்சுக்காரர் வாழ்ந்த ஊர். இவற்றையெல்லாம் படகிலே ஒருவர் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். வங்கத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், அப்பாவின் ஊர் வேறு, தம் ஊர் வேறு என்று எண்ணி வளர்கின்றனர். தரங்கம்பாடிக் கரையும் இந்நதிக்கரையும் ஒரே கதையின் இரண்டு ஏடுகள் என்று அவர்கள் அறியும் நாளில், இரண்டு ஊரும் அவர்களுடையவை ஆகும்.

1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் புகைவண்டி ஓடியது. 24 மைல் தூரத்தை 91 நிமிடத்தில் கடந்தது. இன்று மின்வண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. படகோ அதே தூரத்திற்கு அரைப்பகலை எடுத்துக்கொள்ளும். வண்டி மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை எண்ணி எழுதுவதே தொழிலாகக் கொண்ட நாம், அந்த நேரத்தை ஒரு நாள் குடும்பத்தோடு தாராளமாகச் செலவிடலாம் அல்லவா? நெடுநேரம் அமர முடியாதோர், செல்வதைப் படகிலும் திரும்புவதைச் சந்தன்நகர் நிலையத்திலிருந்து வண்டியிலும் வைத்துக்கொள்ளலாம்.

பயணம் முடிந்து வீடு திரும்பிய பின், குளிர்சாதனம் எப்படி இருந்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள். வீட்டு அம்மையார் அன்று எத்தனை நாழிகை சும்மா அமர்ந்திருந்தார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். சொகுசுக்கு அதுவே சரியான அளவுகோல்.