ஞாயிறு யாருக்கு ஓய்வு?

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திற்கு ஒரு ஞாயிறன்று சென்றிருந்தேன். கரையில் படகுகள் மணலேறிக் கிடந்தன. நம் மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவர் பலர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கடன்காரனுக்கு ஞாயிறு உண்டா என்று ஒருவரிடம் கேட்டேன். "ஒருத்தன் இறங்கினா எல்லாரும் இறங்கோணும், ஐயா" என்றார்.

விடயம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஓய்வு தனி மனிதனின் விருப்பமாக மட்டும் இருந்தால், பிழைப்பின் போட்டி அதை விழுங்கிவிடும்.

ஞாயிறு கிறிஸ்தவர்களின் நாள்தானே என்று கேட்கலாம். 1966 இல் டட்லி சேனாநாயக்க அரசு அதை நீக்கி, போயா தினங்களை வார விடுமுறையாக்கியது. நிலவின் கணக்கில் வாரத்தின் நீளம் மாறிக்கொண்டேயிருந்தது. வெளிநாட்டு வணிகத்தோடு ஒத்துவரவில்லை. 1971 இல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமிப் போயாவும் விடுமுறையாக நிலைத்தது. ஆகவே கிழமை புனிதமா என்பதல்ல என் வாதம். எல்லோருக்கும் ஒரே நாளாக அது இருக்கவேண்டும் என்பதே.

1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது. ஆனால் கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறும் ரியூசன் என்றால், அந்த வீட்டார் ஒன்றாக உண்பது எப்போது?

மருத்துவமனையும் பேருந்தும் ஓடத்தான் வேண்டும். பத்திரிகைக்காரனான நானும் பல ஞாயிறுகளை அலுவலகத்தில் கழித்தவன்தான். ஆனால் ரியூசன் வகுப்பு ஒரு நாள் மூடினால் யாரும் சாகப்போவதில்லை. முதலில் பிள்ளைகளின் ஞாயிறையாவது திருப்பிக் கொடுப்போம்.