கடைசி வரியைப் படித்துவிட்டால் போதுமா?

"பையனுக்குப் பவரே இல்லை. படிக்கச் சோம்பல், அவ்வளவுதான்." கண் சோதித்தவர்கள் சொன்ன இதை நம்பி என் அக்கா மகனை மூன்று வருடம் திட்டித் தீர்த்தோம். நானும் திட்டியிருக்கிறேன். புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் கண்ணைக் கசக்குவான், நெற்றியைப் பிடித்துக்கொள்வான், படித்த வரியையே திரும்பப் படிப்பான். கிரிக்கெட் பந்து தெரிகிறது, புத்தகம் மட்டும் தெரியாதா என்று கேட்டோம்.

தெரியாமல் போகும். கண் அட்டையின் கடைசி வரியைப் படித்துவிட்டால் கண்ணில் குறையே இல்லை என்று நம் வீடுகளும் பள்ளிகளும் நம்புவது பெரிய தவறு. 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்த அட்டை அது. 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்வார்கள். தூரப்பார்வையை அளக்க அது போதும். எந்தப் பிள்ளை புத்தகத்தை 6 மீட்டர் தள்ளி வைத்து, ஒற்றைக் கண்ணால் படிக்கிறது? முழ தூரத்து எழுத்தைப் பார்க்க இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும், உள்ளே லென்ஸ் தடிக்க வேண்டும், அந்தப் பிடி பாடம் முடியும்வரை நழுவாமல் நிற்க வேண்டும். அட்டை இதில் எதையும் சோதிப்பதில்லை.

கடைசியில் கண் நிபுணர் ஒருவர் இதைச் சோதித்தார். பேனா முனையை அவன் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். ஒரு சாண் தூரத்திலேயே வலது கண் வெளிப்பக்கம் விலகிப் போனது. "ரெண்டு பேனா" என்றான். ஏனடா இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "எல்லாருக்கும் எழுத்து அப்படித்தான் ஆடும்னு நெனச்சேன் சித்தி."

இவன் தனி ஆள் இல்லை. சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 7 முதல் 17 வயது வரையான 920 மாணவர்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாறுகண் இல்லாமலே இரு கண்ணும் சேர்ந்து இயங்குவதில் குறை உள்ளவர்கள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம்.

இந்தக் குறைக்குக் கண் பயிற்சி உண்டு. அதெல்லாம் ஏமாற்று வேலை என்பவர்களும் உண்டு. இவனைப் போல் கண்கள் குவியாத குறையுள்ள 221 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வைப் பார்க்கட்டும். 12 வாரம் நிபுணரிடம் பயின்றவர்களில் 73 சதவீதத்தினர் குணமடைந்தனர் அல்லது தேறினர். வீட்டில் பென்சிலை மட்டும் பார்த்துப் பழகியவர்களில் 43, போலிப் பயிற்சி பெற்றவர்களில் 35. இவனுக்குக் கொடுத்தது ஒரு கயிறும் மூன்று வண்ண மணிகளும். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை மூக்கு நுனியில். நடு மணியை இரண்டு கண்ணும் பார்த்தால் கயிறு இரண்டாகி அந்த மணியில் குறுக்கிடும். ஒரு கண் பார்ப்பதை மூளை ஒதுக்கிவிட்டால் ஒற்றைக் கயிறுதான் தெரியும். தன் கண் வேலை செய்வதை அவனே பார்த்துக்கொண்டான்.

இதே பயிற்சியால் கண்ணாடியைக் கழற்றலாம், டிஸ்லெக்சியா தீரும், மார்க் ஏறும் என்று காசு பிடுங்குகிறவர்களையும் விடக் கூடாது. 310 பிள்ளைகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனை இது போலிப் பயிற்சியைவிட அதிகம் உயர்த்தவில்லை.

பள்ளிக்குக் கண் முகாம் வரும்போது அட்டையை மாட்டுங்கள். கூடவே ஒரு பேனாவையும் மூக்கருகே கொண்டுபோங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.