தூக்கம் வருவதை மூளை முன்கூட்டியே சொல்லுமா? டிரைவர் சோர்வை அளக்கும் 'இஇஜி'

அதிகாலை 3 மணி. 80 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ். டிரைவர் வெறும் 3 விநாடி கண் அசந்தால் வண்டி சுமார் 67 மீட்டர் ஓடியிருக்கும். இந்தக் குட்டித் தூக்கத்துக்குப் பெயர் 'மைக்ரோஸ்லீப்'. தூங்கினோம் என்பதே பல நேரம் தூங்கியவருக்குத் தெரியாது. சிக்கலே அதுதான்.

மூளையில் என்ன தெரியும்?

மூளையின் மெல்லிய மின் அலைகளைத் தலையில் எலக்ட்ரோடு வைத்துப் பதிவு செய்வதுதான் இஇஜி. மனித மூளையில் இதைப் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டவர் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கவனமாக இருக்கும்போது வேகமான பீட்டா அலைகள் அதிகம். சோர்வு ஏற ஏற ஆல்ஃபா (8-13 ஹெர்ட்ஸ்), தீட்டா (4-8 ஹெர்ட்ஸ்) என மெதுவான அலைகள் கூடும். கண் மூடுவதற்கு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடலாம்.

கார்களில் ஏற்கெனவே அலாரம் இருக்கிறதே?

இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய வாகனங்களில் சோர்வு எச்சரிக்கை வசதி கட்டாயம். ஆனால் இவை பார்ப்பது ஸ்டீயரிங் அசைவு, கண் இமை போன்ற வெளி அறிகுறிகளைத்தான்.

அப்போ ஏன் எல்லோரும் இஇஜி மாட்டுவதில்லை?

கண் சிமிட்டினாலே மூளை அலையைவிடப் பெரிய சிக்னல் வந்து குழப்பும். வியர்வை, தலை அசைவு, மெல்லுவது எல்லாமே தொல்லை. அலைகளின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தொப்பிக்குள் மாட்டும் 'ஸ்மார்ட்கேப்' போன்ற ஆஸ்திரேலியக் கருவிகள் முக்கியமாகச் சுரங்க லாரி டிரைவர்களிடம்தான் போயின. அங்கே 'மாட்டு' என்று நிறுவனமே சொல்ல முடியும்.

அந்த டேட்டா யார் கையில்?

உண்மையான கேள்வி இதுதான். 'இவர் களைத்துவிட்டார்' என்ற தகவல் முதலாளிக்குப் போனால், டிரைவருக்கு ஓய்வு கிடைக்குமா, சம்பளம் பிடிக்கப்படுமா? இரண்டாவதுதான் நடக்கும் என்று பயந்தால், டிரைவர் கருவியைக் கழற்றி வைக்கத்தான் பார்ப்பார்.

இன்னொன்று, அலாரம் ஒருவரை உசுப்பலாம்; அவருடைய தூக்கக் கடனை அடைக்காது. ஐரோப்பாவில் லாரி, பஸ் டிரைவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுத்தே ஆகணும் என்பது சட்டம். அலாரம் அடித்ததும் வண்டியை ஓரம் கட்டும் உரிமை டிரைவருக்கு இல்லாவிட்டால், தலையில் எந்தக் கருவியை மாட்டியும் பயனில்லை.