நாய்க்கும் ஒரு கோத்திரம்

பொம்மையார்பாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே முன்பு நிறைய மணல் இருந்தது என்கிறார்கள். இப்போது அலைதான் இருக்கிறது. அலை தின்றது போக மிச்சமிருந்த மணலில், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில், மூன்று வருஷங்களுக்கு முன் எனக்குக் கிடைத்தவன் கறுப்பன். நாய்தான். ஆனால் 'அது' என்று எழுதப் பேனா மறுக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குட்டியைத் தூக்கிக் கொடுத்த மீனவப் பெரியவரிடம், "இது என்ன ஜாதி?" என்று கேட்டு வைத்தேன்.

"இதுக்கு அப்பன் யாருன்னு இதைப் பெத்த நாய்க்கே தெரியாதுங்க ஐயா. நீங்க சோத்தைப் போடுங்க, அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றார் அவர்.

அந்தப் பதிலோடு நான் நின்றிருக்க வேண்டும். நிற்காததற்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அக்காள் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறவன். பொங்கலுக்கு வந்தவன் கறுப்பனின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "சந்தேகமே இல்லை மாமா, லாப்ரடார் கலப்பு!" என்றான். அன்று மாலையே நாய்க்கு ஓர் இன்ஷூரன்ஸும் எடுத்துக் கொடுத்தான். விண்ணப்பத்தின் தலையிலேயே 'ஜாதி' என்று ஒரு கட்டம். அதில் 'லாப்ரடார் கலப்பு' என்று நிரப்பினான். தடுப்பூசியைப் பற்றிய கேள்வி அதற்கு எத்தனையோ வரி தள்ளித்தான் வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன். உள்ளூர எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பானேன்?

பையனுக்கு அதோடு திருப்தி வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சிநேகிதன் மூலம் மரபணுச் சோதனை டப்பா ஒன்றை வரவழைத்தான். விலை ஏறக்குறைய 14,000 ரூபாய். பஞ்சு வைத்த குச்சியை நாயின் கன்னத்துக்குள் தேய்த்து அனுப்பினால், எந்த ஜாதி எத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்களாம்.

இந்த வித்தை இப்படி நடக்கிறது. டாஷா என்ற பாக்ஸர் நாயின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் வரிசைப்படுத்தி 2005-ல் வெளியிட்டார்கள். கம்பெனிகள் அத்தனை எழுத்தையும் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான குறிகளை மட்டும் எடுத்து, தங்களிடம் பதிவாகியிருக்கும் ஜாதி நாய்களின் குறிகளோடு ஒத்துப் பார்க்கின்றன. பதிவில் இல்லாத ஜாதியை அவை சொல்ல முடியாது. சிப்பிப்பாறையும் கோம்பையும் அந்தப் பதிவில் இல்லாவிட்டால், கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர் நம் நாயின் தலையில் ஏறிவிடும். 2024-ல் பாஸ்டன் நகரத்துத் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் தம்முடைய சொந்தக் கன்னத்தைத் தேய்த்த குச்சியை அனுப்பினார். அவர் 40 சதவிகிதம் அலாஸ்கன் மாலமூட், 35 சதவிகிதம் ஷார்பெய், 25 சதவிகிதம் லாப்ரடார் என்று ஒரு கம்பெனி பதில் எழுதிவிட்டது!

எங்களுக்கு வாய்த்த கம்பெனி யோக்கியமானது. 'தெற்காசியக் கிராமத்து நாய், 100 சதவிகிதம்' என்று எழுதியிருந்தது. பெரியவர் காசு வாங்காமல் சொன்னதும் இதைத்தான்.

போன ஐப்பசியில் கறுப்பன் சோறு தின்பதை நிறுத்தினான். மறுநாள் மூக்கில் இரத்தம் வந்தது. உண்ணிக் காய்ச்சல். குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தப் பரிசோதனை, குளுகோஸ், அப்புறம் நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. பிழைத்துக்கொண்டான். போக்குவரத்தும் மருந்தும் மறுபடி மறுபடி பார்த்த சோதனையுமாக 11,000 ரூபாய் ஆயிற்று. மருமான் அந்தச் செலவுச் சீட்டுகளோடு மரபணுச் சோதனையின் ரசீதையும் முடிவையும் சேர்த்து வைத்து, 'எல்லாம் வைத்தியம்தானே!' என்று கம்பெனிக்கு அனுப்பினான்.

பதிலில் இரண்டே பாராக்கள். மரபணுச் சோதனைக்குப் பணம் கிடையாது என்றது முதலாவது. இரண்டாவது, நாயின் ஜாதியைத் தவறாகத் தெரிவித்திருப்பதால் காய்ச்சலுக்கும் பணம் கிடையாது என்றது.

முதல் பாராவை ஒப்புக்கொள்கிறேன். இன்ஷூரன்ஸ் என்பது எதிர்பாராமல் வரும் நோய்க்கும் விபத்துக்கும். நம்முடைய ஆவலுக்கு அல்ல. நோயைக் கண்டுபிடிக்க வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சோதனை வேறு. சில பாலிஸிகளில் அது வைத்தியச் செலவில் சேரும். மேல் நாடுகளில் கூடுதல் பணம் கட்டினால் இந்தச் சோதனைக்கும் ஒரு பங்கு தருகிற திட்டங்கள் உண்டு. அது நம் பணம் நம் வீட்டுக்கே ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பரம்பரை வியாதிகளுக்குப் பணமில்லை என்று பல பாலிஸிகளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். காசு கொடுத்துக் கண்டுபிடித்த பரம்பரைக் குறையை விண்ணப்பத்தில் எழுதினால் விலக்கு. எழுதாமல் விட்டால் மறைத்த குற்றம்.

இரண்டாவது பாராவை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்ணி ஜாதி பார்த்துக் கடிப்பதில்லை. பெரிய ஜாதி நாய்களுக்கு இடுப்பு மூட்டு வியாதி அதிகம், அதனால் கேட்கிறோம் என்றால் நியாயம். மூட்டு வியாதிக்கு மனுப் போடும்போது அதைச் சொல்லட்டும். லாப்ரடார் என்று எழுதியதால் நாங்கள் கட்டிய பிரீமியம் நாட்டு நாய்க்கு உள்ளதைவிட அதிகம். ஆகவே எங்கள் பொய்யால் நஷ்டப்பட்டவர்கள் நாங்களேதான்! "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்கிறார் என் வக்கீல் நண்பர். அப்படியானால், பதினான்கு மாதம் அந்தப் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டபோது 'நாயைக் காட்டு' என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? பணம் வாங்குகையில் இல்லாத சந்தேகம் பணம் கொடுக்கையில் முளைக்கிறது.

மரபணுச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோலி ஜாதி நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறினால் ஐவர்மெக்டின் மருந்து அளவு மிஞ்சினால் விஷமாகும்; அதை முன்கூட்டி அறிவது உயிர் காக்கும். 2020-ல், அப்போது ஹோஷங்காபாத் என்று பெயர் கொண்டிருந்த ஊரில், ஒரே லாப்ரடாரை இரண்டு பேர் தம்முடையது என்றார்கள். போலீஸார் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மறு வருஷம் முடிவு வந்து நாய் உரியவரிடம் சேர்ந்தது. 2005-ல் தபால் தலையில் ஏறிய நம் ராஜபாளையத்தின் வம்சம் கெடாமல் பார்ப்பதற்கும் இது உதவட்டும். ஆனால் வாசல் திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்கு எதற்கு? குணத்தை அறியவா? 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றி விசாரித்து 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ஜாதியின் பங்கு ஏறக்குறைய 9 சதவிகிதம்தான் என்று கண்டார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் ஜாதிப் பெயர் போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவன் என் மருமான். நாயின் விண்ணப்பத்தில் மட்டும் போட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த 14,000 ரூபாயில் எங்கள் குப்பத்து நாய்கள் எத்தனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கலாம் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

கம்பெனிக்கு ஆட்சேபம் எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாமாம். இன்னும் 11 நாள் இருக்கிறது. மனுவில் ஜாதி என்ற கட்டம் இருந்தால் 'நாய்' என்று எழுதுவதாக உத்தேசம்.