கால் வேலி மைதானம்

2018 மார்ச் 17ஆம் தேதி நாங்கள் நாலு பேர் பெங்களூர் கண்டீரவா மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. அன்றைக்கு ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதி ஆட்டம், பெங்களூருக்கும் சென்னைக்கும். கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் சேர்த்த காசு. ஆளுக்கொரு நீலச் சட்டை மாட்டிக்கினு ரயில் ஏறினோம். சென்னை அணிக்கு நீலம் எப்படியோ வந்து வாய்த்த நிறம். நமக்கு அப்படி இல்லை.

வெளியூர் ரசிகர்களுக்கென்று தனி இடம் ஒதுக்குவது கால்பந்தில் உலகம் பூரா உள்ள வழக்கம். தனி வழி, தனி அடைப்பு, நடுவில் போலீஸ். சண்டை வரக் கூடாது என்று செய்யும் ஏற்பாடு, தப்பு சொல்வதற்கில்லை. எங்களையும் ஒரு பக்கமாக அனுப்பினார்கள். கூட வந்த தம்பி சுத்துமுத்தும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னாண்ணா, இங்கயும் நம்மள காலனிலயே வுட்டுட்டானுங்க!"

அன்றைக்கு சென்னை 3-2 என்று ஜெயித்தது. பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி ரெண்டு கோல் போட்டார். கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வீடு வந்து சேர்ந்து எத்தனையோ நாள் ஆகியும் தம்பி சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் பார்க்கப் போவது சந்தோசமான காரியம். உத்திரமேரூரில் பஸ் ஏறி செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், இறங்கி நடந்தால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம். உள்ளே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் யார் எவன் என்று தெரியாது. கோல் விழுந்தால் கட்டிப் பிடிக்கிறான். அவன் தண்ணி பாட்டிலை நான் வாங்கிக் குடிக்கிறேன். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று ஒருத்தனும் கேட்பதில்லை. ரெண்டு மணி நேரம் நான் வெறும் ஆள், வெறும் ரசிகன். ஊரில் எனக்குக் கிடைக்காத ஒன்றை டிக்கெட் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஆட்டம் முடிந்து கடைசி ரயிலைப் பிடித்து நடுராத்திரியில் செங்கல்பட்டில் இறங்கினால் ஊருக்குப் பஸ் இல்லை. ஸ்டாண்டிலேயே படுத்து விடியக் காலை முதல் பஸ்ஸில் போனால், காலனி முனையில் இறங்கும்போது மறுபடியும் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த ரெண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் நம் முற்போக்கு நண்பர்கள் "விளையாட்டில் சாதி இல்லை தோழர்" என்கிறார்கள். மைதானம் சாதியைக் கரைத்துவிடுமாம். அப்படியா? சரித்திரத்தைக் கேட்போம்.

பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளரைப் பூனாவில் சாதி இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் விரல் பட்ட பந்து தீட்டில்லை. தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும், அவருக்குத் தனி மண்கோப்பை. அதே பாலு 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அவர் திறமை வேண்டும், அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது. அது பழைய கதை என்பீர்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஆக்கி அணி அரையிறுதியில் தோற்றதும், ஹரித்வார் பக்கத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி கொளுத்திச் சாதியைச் சொல்லித் திட்டினார்களே, அவர்களும் ரசிகர்கள்தானே? 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில் ஊர்க் கிரிக்கெட் பார்க்கப் போன தலித் சிறுவன் உருண்டு வந்த பந்தை எடுத்தான். அவனை மிரட்டியதைத் தட்டிக் கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். ஏகலைவன் கதையைப் புராணம் என்று எவன் சொன்னது? 2025 மார்ச்சில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பிளஸ் ஒன் பரீட்சை எழுத பஸ்ஸில் போன தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஆதிக்கச் சாதியினர் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்றது குடும்பம்.

பந்து தொட்ட விரல், பந்து பொறுக்கிய விரல், கபடி ஆடிய விரல். சாதி குறி வைக்கும் இடத்தைக் கவனியுங்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மைதானம் என்பது ஏரி உள்வாய்தான். தண்ணி வற்றி மண் காய்ந்தால் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ஆட்டம். மழை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கருவேல முள் குத்தாத கால் எங்கள் காலனியில் இல்லை. ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்து மைதானம் இருக்கிறது, அரசாங்கத்துடையதுதான். சாயங்காலம் நாங்கள் போனால், "எங்க பசங்க ஆடறாங்க, அப்புறம் வா" என்பார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

போன கோடையில் ஒரு ஊரில் எழுவர் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும். நுழைவுக் கட்டணம் கட்டினோம், காசில் தீட்டில்லை. குட்டியானையில் ஆட்டக்காரர்களும் ரசிகர்களுமாக இருபது பேர் நின்றுகொண்டே போனோம். எங்களை வெயில் அடிக்கும் பக்கம் நிற்கச் சொன்னார்கள். பந்தலுக்குக் கீழே ஊர்க்காரர்கள். தண்ணிக் குடத்தை எடுக்கப் போன பையனிடம் "இரு, ஊத்தறேன்" என்று தூக்கி ஊற்றினார் ஒருவர். கோல் போட்டதும் விசில் அடித்தோம். "காலனிப் பசங்க ஓவரா ஆடறானுங்க" என்று மைக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அரையிறுதியில் நாங்கள் ஜெயித்தபோது எங்கள் பெரியவர் என் காதில் சொன்னார்: "போதும்பா, பொழுது சாயறதுக்குள்ள வண்டிய எடுக்கச் சொல்லு." இறுதி ஆட்டம் ஆடாமலே வந்துவிட்டோம்.

பெரியவர் கோழை இல்லை, தோழர்களே. ஜெயித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தோற்றால் கேலி, ஜெயித்தால் கத்தி. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

அன்றைக்கு வண்டியில் வரும்போதுதான் தம்பி பெங்களூரில் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. தனி வழி, தனி இடம், தனித் தண்ணி, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதெல்லாம் வெளியூர் ரசிகனுக்கான விதிகள். அவனுக்கு அது ஒருநாள் விதி, நமக்கோ பிறந்ததிலிருந்து விதி. சொந்தப் பஞ்சாயத்துக்குள்ளேயே நாம் வெளியூர்க்காரர்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று சொல்லும்போதே அதைச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் கால்பந்து லீக்கில் ஒரு நியாயம் உண்டு. இந்த வாரம் நான் உன் ஊருக்கு வந்து ஆடினால், இன்னொரு வாரம் நீ என் ஊருக்கு வந்து ஆட வேண்டும். என் மக்கள் சத்தத்தில், என் மண்ணில். அப்போது உனக்குத் தனி இடம், நான் உள்ளூர்க்காரன். அந்த மறு ஆட்டம் இருப்பதால்தான் லீக் நியாயமாக இருக்கிறது. நமக்கு மறு ஆட்டமே கிடையாது. ஏன்? அவர்களை வரச் சொல்ல நம்மிடம் மைதானம் இல்லை. நம்மிடம் நிலம் இல்லை.

இங்கேதான் விசயம் இருக்கிறது. மைதானம் இல்லாமல் செய்வதும் ஒதுக்குவதில் ஒரு வகை. பிரேசிலில் ரியோ நகரத்து வாஸ்கோ ட காமா சங்கம் 1923இல் கறுப்பர்களையும் கூலித் தொழிலாளிகளையும் வைத்து லீக்கை ஜெயித்தது. பணக்கார வெள்ளைச் சங்கங்களுக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஒரு லீக் ஆரம்பித்து, பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் சேர்ப்போம் என்றன. கூடவே, உங்களுக்கு ஒழுங்கான மைதானம் இல்லை என்றும் சொன்னார்கள். 1924 ஏப்ரலில் வாஸ்கோ தலைவர் பதில் எழுதினார்: எங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டோம், உங்கள் லீக்கே வேண்டாம். பிறகு ரசிகர்களும் உறுப்பினர்களும் காசு போட்டார்கள். 1927 ஏப்ரல் 21இல் சாவோ ஜனுவாரியோ மைதானம் திறந்தது. அங்கே ரசிகன் கைதட்டிவிட்டுப் போகவில்லை, மைதானத்தைக் கட்டினான்.

உத்திரமேரூருக்குத் திரும்புவோம். குடவோலை என்றால் நம் ஊருக்கு ரொம்பப் பெருமை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட இந்தக் கல்வெட்டைப் புகழ்ந்தார். 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். குடத்தில் உன் பெயர் விழ வேண்டுமானால் வேதம் தெரிந்திருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். நிலம் உள்ளவனுக்குத்தான் ஓலை. அந்த நிலத்தில் சேற்றில் நின்றவனுக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை.

கால் வேலி என்றால் எவ்வளவு? தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பராந்தகன் காலத்து அளவுகோல் முன்னே பின்னே இருந்திருக்கும். ஆக, கால் வேலி சுமார் ஒன்றரை ஏக்கருக்கு மேல். சர்வதேசக் கால்பந்து மைதானம் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் ஏக்கர். ஏறக்குறைய அதே கால் வேலி! ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னால் நம்மை வெளியே நிறுத்திய அளவு எதுவோ, இன்றைக்கு நம் பிள்ளைகள் ஓடியாட நமக்கு இல்லாத அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

நிலம் கொடுக்கவே இல்லையா என்றால், கொடுத்தார்கள். இதே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் நமக்கென்று நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தலித் அல்லாதாருக்கு விற்றால் செல்லாது. இன்று அது யார் கையில் இருக்கிறது? காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த மக்களுக்கு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிக் குண்டுதான் பதிலாக வந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரைக் கொடுத்தார்கள். மைதானம் கேட்பது விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் இந்த ரெண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

நம் பசங்களிடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. எந்த நாட்டுக் கிளப்பில் யார் சேர்ந்தார் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறாய். உன் காலனிக்குப் பக்கத்துப் புறம்போக்கு எந்தச் சர்வே நம்பர் என்று கேட்டால் முழிக்கிறாய். அடுத்தவன் மைதானத்தில் கத்த நூறு கிலோமீட்டர் போகிறாய். தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை வா என்றால் "வேலை கீதுண்ணா" என்கிறாய். வியாசர்பாடியை மினி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்ட நந்தகுமார் சேகர் அந்தப் பகுதிக்காரர். 2018இல் சென்னை அணியில் இருந்த தனபால் கணேஷும் அங்கேதான். காரணம் ரத்தம், ஜீன் ஒன்றுமில்லை. பிள்ளைகள் தினமும் உதைக்க அங்கே ஒரு இடம் இருக்கிறது. உழைக்கும் மக்கள் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. குட்டியானையில் ஏறிய இருபது பேரில் ஒரு பெண்பிள்ளை கிடையாது. ஊர் நம்மை வெயிலில் நிறுத்தியதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் தங்கச்சிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் வண்டி ஏறினோம். மீட்கும் மைதானத்தில் சாயங்கால நேரம் அவர்களுக்கும் பங்கு இல்லையென்றால் அது நம் மைதானம் இல்லை. அது இன்னொரு ஊர்.

ஆகவே தோழர்களே, ஆட்டம் பார்க்கப் போவதை விட வேண்டாம். போங்கள், கத்துங்கள், நீலத்தைக் காட்டுங்கள். ஆனால் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராமசபையில் அதே சத்தத்தோடு உட்காருங்கள். பஞ்சமியிலோ புறம்போக்கிலோ, ஒவ்வொரு காலனிக்கும் கால் வேலி மைதானம் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததை எழுதி வாங்குங்கள். ஓலை போடும் குடம் அன்றைக்கு நம்மிடம் இல்லை. கிராமசபையில் கை தூக்க இன்றைக்கு யாரும் நம்மைத் தடுக்க முடியாது.

மைதானம் வந்ததும் முதல் போட்டியை நாம் வைப்போம். ஊர் அணியைக் கூப்பிடுவோம். அவர்களுக்கும் பந்தலில் இடம் கொடுப்போம், ஒரே குடத்தில் தண்ணி கொடுப்போம், ஜெயித்தால் கோப்பையும் கொடுப்போம். பொழுது சாய்ந்த பிறகும் பயமில்லாமல் போகலாம் என்று வண்டி வரைக்கும் வந்து சொல்லி அனுப்புவோம். மறு ஆட்டம் என்றால் என்ன என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியும்.